டர்பன் பீரங்கி ரெஜிமெண்ட்: வரலாறும் சின்னமும் எழுதும்போது நேரும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24, மரபு நாள் நெருங்கினால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள் எல்லாவற்றிலும் பழைய படங்கள் சுவரேறும். பட்டாளத்து உடுப்பில் ஒரு தாத்தா, பக்கத்தில் ஒரு பித்தளைச் சின்னம், ஒரு மெடல். கீழே 'நேட்டால் ஃபீல்டு ஆர்ட்டிலரி' என்று ஒரு வரி. தவறு பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். அதை அப்படியே சிறப்பு மலரில் அச்சடித்துவிட்டால் அடுத்த வருஷம் வேறு யாராவது அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். படம் மாட்டும் முன்பே சரிபார்க்க வேண்டியவை இவை.

பெயரும் காலமும்

டர்பனின் இந்தப் பீரங்கிப் படை தன் வேரை 1862-ல் தொடங்கிய டர்பன் வாலண்டியர் ஆர்ட்டிலரி வரை காட்டுகிறது. 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களை முதன்முதலில் இங்கே இறக்கியது 1860 நவம்பர் 16 என்பதால், படைக்கு நம்மைவிட இரண்டு வயது குறைவு. பிறகு அது நேட்டால் ஃபீல்டு ஆர்ட்டிலரி ஆனது. 2019-ல் ரிசர்வ் படைகளின் பெயர்களை மாற்றியபோது 'கிங் செட்ஷ்வாயோ ஆர்ட்டிலரி ரெஜிமெண்ட்' ஆனது. கேப் ஃபீல்டு ஆர்ட்டிலரி நெல்சன் மண்டேலா பெயரையும், டிரான்ஸ்வால் ஹார்ஸ் ஆர்ட்டிலரி சாண்ட்ஃபான்டைன் பெயரையும் பெற்றதும் அப்போதுதான்.

இங்கே இரண்டு பக்கமும் வழுக்கும். '1899-ல் கிங் செட்ஷ்வாயோ ரெஜிமெண்ட் பிரிட்டிஷாருக்காகப் போரிட்டது' என்று எழுதினால் படிக்கிறவர் திகைப்பார், ஏனென்றால் செட்ஷ்வாயோ 1879-ல் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற சூலு அரசர். இன்றைய அணிவகுப்புப் படத்துக்கு 'நேட்டால் ஃபீல்டு ஆர்ட்டிலரி' என்று போடுவதும் தவறுதான். சம்பவம் நடந்த அன்று படைக்கு என்ன பெயரோ அதை எழுதுங்கள். இன்றைய பெயரை முதல் முறை மட்டும் 'இப்போது இன்னது' என்று சேர்த்தால் போதும்.

இரண்டாம் உலகப் போரில் பெயர் போய் எண் வந்தது. கேப் படை 1-ஆம் ஃபீல்டு ரெஜிமெண்ட், நேட்டால் படை 2, டிரான்ஸ்வால் படை 3. பழைய காகிதத்தில் '2 ஃபீல்டு ரெஜிமெண்ட்' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள், எந்த நாட்டுப் படை என்பதை அவைதான் காட்டும். பிரிட்டிஷ் ராயல் ஆர்ட்டிலரியிலும் இதே எண்ணில் ரெஜிமெண்ட் இருந்தது. எண்ணை மட்டும் வைத்து இணையத்தில் தேடினால் வேறு நாட்டுப் படையின் வரலாறு உங்கள் மலரில் ஏறிவிடும். பெயரில் 'ராயல்' என்று பார்த்ததும் பீரங்கிப் படை என்று நினைக்கவும் கூடாது. ராயல் நேட்டால் கார்பினியர்ஸ் குதிரைப்படை மரபில் வந்தது, பீரங்கிப் படை அல்ல.

தாத்தா பீரங்கி சுட்ட கன்னரா?

மனசு நோகுமே என்று பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போவார்கள். அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்களைப் போர்முனைப் படைகளில் சேர்க்கவில்லை. 1940-ல் இந்தியன் அண்டு மலாய் கோர் என்று தனிப் பிரிவு அமைத்து, டிரைவர், சமையல்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் போன்ற ஆயுதமில்லாத வேலைகளுக்குத்தான் எடுத்தார்கள். பீரங்கியின் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருக்கிறதே என்பார்கள். குண்டு ஏற்றிப் போன லாரியின் டிரைவரும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கலாம். அதை வைத்துக் கன்னர் என்று முடிவுகட்டக் கூடாது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே லாரி ஓட்டியது சின்ன வேலையும் அல்ல. அதை உள்ளபடியே எழுதினாலே கௌரவம்தான்.

மெடலின் விளிம்பைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குத் தென்னாப்பிரிக்கா கொடுத்த ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடலில், துள்ளும் ஸ்பிரிங்பாக் மான் ஒரு பக்கம் இருக்கும். எண்ணும் பெயரும் விளிம்பில் பொறித்திருக்கும். மெடலைத் துணியின் மேல் படுக்க வைத்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பூதக்கண்ணாடியோடு மெதுவாகச் சுற்றினால் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழும். எண்ணுக்கு முன்னால் எம் எழுத்து இருந்தால் இந்தியன் அண்டு மலாய் கோர். சி என்றால் கலப்பினத்தவரின் கேப் கோர், என் என்றால் கறுப்பின ஆப்பிரிக்கரின் நேட்டிவ் மிலிட்டரி கோர்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். முதலி 'மூட்லி' ஆகவும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும் பதிவான நாடு இது. தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டதும் உண்டு. ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது எண்ணை முதலிலும், பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அதன் கீழேயும் கொடுங்கள். எண் இல்லாமல் 'பிள்ளை' என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் வேறு இரண்டு பொருள்களும் ஆளை ஏமாற்றும். ஒன்று தோள்பட்டையில் தைத்த ஆரஞ்சு கலந்த சிவப்புத் துணிப் பட்டை. பீரங்கிப் படையின் சிவப்பு என்று அதைச் சொல்லிவிடுவார்கள். நாட்டுக்கு வெளியே ஆப்பிரிக்காவில் எங்கும் போகச் சம்மதித்தவர் என்பதற்கான அடையாளம் அது, எந்தப் படையிலும் அணிந்தார்கள். இன்னொன்று இரும்புத் தொப்பி வடிவில் சட்டையில் குத்தும் சின்னம். 1927-ல் டர்பனில் தொடங்கிய மாத் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் சின்னம் அது. ஆள் போருக்குப் போனவர் என்று காட்டுமே தவிர, எந்த ரெஜிமெண்ட் என்று காட்டாது.

போர்க்களக் கதைகள்

போயர் போரில் எலாண்ட்ஸ்லாக்டே சண்டை, 1899 அக்டோபர் 21. நேட்டால் ஃபீல்டு ஆர்ட்டிலரியின் பீரங்கிகளே அன்று வென்றன என்று எழுதுகிறார்கள். காலையில் அவர்கள் சுட்டது உண்மை. ஆனால் அவை வாய்வழியாகக் குண்டு திணிக்கும் பழைய 7-பவுண்டர்கள். பிரிட்டிஷாரோடு போரிட்ட டச்சு வம்சாவளிப் போயர்களின் பீரங்கிகள் அவற்றைவிட வெகுதூரம் எட்டின, அதனால் பின்வாங்க வேண்டியதாயிற்று. லேடிஸ்மித்திலிருந்து 21, 42-ஆம் பேட்டரிகள் என்ற பீரங்கிப் பிரிவுகள் 15-பவுண்டர்களோடு வந்த பிறகுதான் மாலையில் வெற்றி கிடைத்தது. அவை ராயல் ஃபீல்டு ஆர்ட்டிலரி, உள்ளூர்ப் படை அல்ல.

கொலென்சோவில் டிசம்பர் 15 அன்று பறிபோன பத்துப் பீரங்கிகளும் ராயல் ஃபீல்டு ஆர்ட்டிலரியின் 14, 66-ஆம் பேட்டரிகளைச் சேர்ந்தவை. காந்தி சேர்த்த சுமார் 1,100 பேர் கொண்ட நேட்டால் இந்தியன் ஆம்புலன்ஸ் கோர் காயம்பட்டவர்களைச் சுமந்ததும் அதே களத்தில்தான். ஒப்பந்தக் கூலிகள் பெரும்பான்மையாக இருந்த அந்தப் படையைப் பீரங்கிப் படையின் ஒரு பிரிவு போல எழுதுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

லேடிஸ்மித் நகர மண்டபத்தின் முன்னால் நிற்கும் காஸ்டர், போலக்ஸ் என்ற இரட்டைப் பீரங்கிகளைப் படமெடுத்து 'லாங் டாம்' என்று போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அவை போயர்கள் லேடிஸ்மித்தை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த பிரிட்டிஷார் பயன்படுத்திய 6.3 அங்குல ஹோவிட்சர்கள், அதாவது குட்டைக் குழாய்ப் பீரங்கிகள். லாங் டாம், போயர்கள் வெளியே மலைமேல் ஏற்றி வைத்த 155 மி.மீ. பிரெஞ்சுப் பீரங்கி. நான்கே நான்கு வாங்கினார்கள். போர் முடிவதற்குள் நான்கையும் அவர்களே தகர்த்துவிட்டார்கள். இன்று நீங்கள் பார்க்கும் லாங் டாம் எதுவானாலும் மாதிரிதான். அந்த லாங் டாம் புகை கக்கியதும் ஊருக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த பிரபு சிங் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். சிப்பாய் என்று அவரை எழுதாதீர்கள்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. '25-பவுண்டர்' என்றால் குண்டின் எடை 25 பவுண்டு, கிட்டத்தட்ட 11.3 கிலோ. பீரங்கியின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். மி.மீ., அங்குலம் என்றால் குழாயின் வாய் அகலம். 25-பவுண்டரின் வாய் 87.6 மி.மீ. என்பதால் பின்னாளில் தென்னாப்பிரிக்கப் பதிவுகளில் அது '88 மி.மீ. ஜி-1' ஆனது. அதைப் பார்த்து ஜெர்மானியரின் பேர்பெற்ற 88 மி.மீ. பீரங்கி என்று எண்ணியவர்கள் உண்டு. இரண்டும் எதிரெதிர் அணியில் நின்றவை.

சின்னத்தைப் படிக்கும் முறை

சின்னத்தில் முதலில் பார்க்க வேண்டியது கிரீடம். தென்னாப்பிரிக்கச் சின்னத்தின் மேலே கிரீடம் இருந்தால் அந்த வடிவம் 1961 மே 31-க்கு முந்தையது, அன்றுதான் நாடு குடியரசானது. கிரீடத்தின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு குவிமாடம் போல் எழும்பினால் 1901-க்குப் பிந்தைய டியூடர் கிரீடம். நடுவில் பள்ளமாக அமுங்கி இருந்தால் இரண்டாம் எலிசபெத் காலத்தது. அமுங்கிய கிரீடத்தை வட ஆப்பிரிக்காவின் 1942 டோப்ருக் போர்ப் படத்துக்குக் கீழே ஒட்டினால், விவரம் தெரிந்தவர் அடுத்த பக்கம் புரட்டமாட்டார்.

'உபீக்வே' என்ற சொல்லைப் பார்த்து அது எந்த ஊர்ச் சண்டை என்று கேட்கிறார்கள். லத்தீனில் 'எங்கும்' என்று பொருள். பிரிட்டிஷ் பீரங்கிப் படை எல்லாப் போர்களிலும் இருந்ததால், களங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறிக்காமல் 1832-ல் இந்த ஒரு சொல்லைப் பெற்றது. பீரங்கிக்கு மேலே 'உபீக்வே', கீழே 'அறமும் புகழும் அழைக்கும் இடத்துக்கு' என்ற பொருளில் இன்னொரு லத்தீன் வரி, நடுவில் பெரிய சக்கரத்தோடு பீரங்கி. இவை எல்லாம் இருந்தால் கையில் இருப்பது ராயல் ஆர்ட்டிலரி சின்னம். பெட்டியில் கிடந்தது என்பதற்காக டர்பன் படையின் சின்னமாகிவிடாது.

இடம் வலம் இன்னொரு குழப்பம். சின்னத்தின் வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம், பார்க்கிற நமக்கு இடம். ஆங்கிலத்தில் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். நமக்கு இது புதிதே அல்ல. முருகனுக்கு வலப்புறம் வள்ளி, இடப்புறம் தெய்வானை என்று சொல்லும்போது சுவாமியின் வலத்தைத்தானே சொல்கிறோம்? அதே கணக்கு. படத்தை அழகுக்காகக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் சின்னமே மாறிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் சின்னங்களைப் பதிவு செய்வது பிரிட்டோரியாவில் உள்ள ஹெரால்ட்ரி அலுவலகம். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1963-ல் அது இயங்கத் தொடங்கியது. பதிவில் ஆதாரம் படம் அல்ல, சொற்களால் எழுதிய விவரணை. அந்த விவரணைக்கு உட்பட்டு இரண்டு ஓவியர்கள் இரண்டு விதமாக வரையலாம், இரண்டும் சரியே. பழைய படத்தில் சிங்கத்தின் வால் வேறு மாதிரி வளைகிறது என்று சண்டை போட வேண்டாம். ஆனால் விவரணை 'பொன்' என்று சொன்னால் மஞ்சள், 'வெள்ளி' என்றால் வெள்ளை. சாம்பல் நிறம் போட்டால் தவறு. முழுச் சின்னத்தையும் 'க்ரெஸ்ட்' என்று அழைப்பதும் வேண்டாம். கேடயத்துக்கு மேலே தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே க்ரெஸ்ட். 'நாயுடு குடும்பச் சின்னம்' என்று கடையில் விற்கும் கேடயத்தைப் படைச் சின்னத்தின் பக்கத்தில் மாட்டுவது அதைவிட மோசம். பதிவு செய்த நபருக்கோ அமைப்புக்கோதான் சின்னம் சொந்தம், குலப்பெயருக்கு அல்ல.

அசலா போலியா என்று பார்க்கப் பின்பக்கம் திருப்புங்கள். அச்சில் அடித்த தகடு என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். வார்ப்பில் செய்த போலிக்குப் பெரும்பாலும் பின்பக்கம் தட்டையாக இருக்கும், மேலே பொடிப்பொடிக் குழிகள், விளிம்பில் ஒட்டுக்கோடு. இதையெல்லாம் பார்க்கும் முன்பே வீட்டில் யாராவது குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். புளியின் அமிலம் மேற்பூச்சைத் தின்றுவிடும், நுண்ணிய கோடுகள் மழுங்கும். மெடல் விளிம்பைத் தேய்த்தால் எண்ணே போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

மலரில் அச்சடிக்கிறவர்கள் கவனிக்க: பதிவான சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ரெஜிமெண்டின் கட்டளை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எத்தனை பிரதி என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். பெரிதாக்கினாலும் சிதையாத கோப்பை அப்போதே கேட்டு வாங்கலாம். உங்கள் சங்கத்தின் குத்துவிளக்கையும் படையின் பீரங்கியையும் ஒரே வட்டத்துக்குள் இணைத்துப் புதிதாக ஒன்று வரைய வேண்டாம். பக்கத்தின் இரு ஓரங்களில் தனித்தனியாக வையுங்கள்.