நெடுஞ்சாலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சாலைகள்: பைக் ஓட்டுவதற்கு வழி தேடும் முறை

வாணியம்பாடியிலிருந்து திருவண்ணாமலைக்கு வழி கேட்டால், கைபேசி பெரும்பாலும் திருப்பத்தூர், செங்கம் வழியாகவே அனுப்பும். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு அது சரியான பதில்தான். ஆனால் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் என ஜவ்வாது மலையைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றும் இருக்கிறது. வளைவும் நிழலும் தேடுபவருக்கு அதுதான் சாலை. இத்தகைய வழிகளை வீட்டிலிருந்தே கண்டுபிடித்து, வழி மாறாமல் ஓட்டிச் செல்லும் முறையை இந்தச் சாலையையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

முதலில், வரைபடத்தில் சாலையைத் தேடாதீர்கள். நெடுஞ்சாலைகளுக்கு நடுவே உள்ள பகுதியைத் தேடுங்கள். வடக்கே வேலூர், வாணியம்பாடி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 48, கிழக்கே வேலூரையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் 38, தெற்கே ஊத்தங்கரை, செங்கம் வழியாக வரும் 77 ஆகிய மூன்றுக்கும் நடுவில்தான் ஜவ்வாது மலை கிடக்கிறது. லாரிகளும் வெளியூர்ப் பேருந்துகளும் இந்த மூன்றிலேயே ஓடிவிடுவதால், உள்ளே இருக்கும் சாலைகள் உள்ளூர்க்காரர்களுக்கும் நமக்கும் மிஞ்சுகின்றன.

அடுத்து, அந்தப் பகுதிக்குள் தெரியும் கோடுகளில் எது உண்மையான சாலை என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு நான் கூகுளைவிட, பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையே நம்புகிறேன். அதில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் வண்டி ஓடும் சாலைகள். பழுப்பு நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு மண்பாதை. காட்டுப் பகுதியில் அந்தப் பழுப்புக் கோட்டில் போகக் கூடாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வெள்ளைக் கோட்டிலும் ஐயம் எழுந்தால் செயற்கைக்கோள் படத்துக்கு மாறிப் பாருங்கள். தார்ச்சாலை சாம்பல் நிறத்தில் சீரான அகலத்தோடு தெரியும். மண்பாதையின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். அடிவாரச் சமவெளியில் சாலையின் இருபுறமும் கரும்பச்சைப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் அவை அநேகமாகப் புளியமரங்கள். பழைய சாலை, நல்ல நிழல். அந்தச் சாலையில் பேருந்து நிறுத்தங்களும் குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் சான்று தேவையில்லை: பேருந்து போய்த் திரும்பும் இடத்துக்குப் பைக் தாராளமாகப் போகும்.

வளைவுகளைத் தானே தேடித் தரும் கூர்விகர் போன்ற தளங்கள் ஐரோப்பாவில் அருமையாக உதவுகின்றன. நம் ஊர்ச் சாலைகளின் தரை தாரா மண்ணா என்ற விவரம் பல இடங்களில் பதிவாகாததால், அவை காட்டும் வழியை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். விருப்பப்பட்ட சாலையைக் கணினியில் இழுத்து அமைத்துக் கைபேசிக்கு அனுப்பினால், கைபேசி அதை மறுபடி கணக்கிட்டு, விரைவான வழிக்கே திருப்பிவிடக்கூடும். 2017இல் கூகுள் மேப்ஸில் இந்தியாவுக்கென வந்த இருசக்கர வாகன வசதியும் குறுக்குவழியைத்தான் தேடுமே தவிர, நல்ல சாலையைத் தேடாது. ஆகவே, வேறு வழி தேட இடமே கொடுக்காதபடி கடந்தே ஆக வேண்டிய இடங்களாக நாமே வரைபடத்தில் புள்ளிகளை வைத்துச் சாலையைக் கட்டிப்போட வேண்டும். புள்ளியை ஊரின் பெயர் மீது வைக்காதீர்கள். அது சந்தைக்குள்ளோ கோயில் தெருவுக்குள்ளோ அழைத்துப்போய்த் திரும்பச் சொல்லும். காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிவதால் அதையே குறியாக வைக்கத் தோன்றும். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால், வளாகத்தைத் தாண்டி, முதன்மைச் சாலையின் மீதே புள்ளியை வையுங்கள். ஒவ்வொரு பிரிவுச் சாலையையும் கடந்து ஓரிரு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் ஒரு புள்ளி என்பதே கணக்கு. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, புள்ளி சாலையின் மேல்தான் விழுந்ததா என்று பார்ப்பதில் சோம்பல் கூடாது.

புள்ளிகளை இணைத்த வழியை, வழித்தடத்தைப் பதிந்துவைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கைபேசியில் காட்டும் ஓஸ்மாண்ட் செயலியில் திறந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிவிட்டால் மலையில் சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்யும். குரல் வழிகாட்டுதலை நான் பயன்படுத்துவதில்லை. வண்ணக் கோட்டை மட்டும் திரையில் காட்டவிட்டு, அதன் மேல் நம் அம்புக்குறி நகர்வதைப் பார்த்துக்கொண்டால் போதும். திருப்பம் ஒன்றைத் தவறவிட்டால் குரல் வழிகாட்டி புது வழி போட்டுவிடும். கோடோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாலையில் இறங்கிய பிறகு மைல்கற்களையும் கவனியுங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் கற்களில் ஆரஞ்சு நிறம் இருக்கும். கோடு மலைக்குள் போகும்போது மஞ்சள் கல் கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டித் திரையைப் பாருங்கள். பெட்ரோலை மலையேறும் முன்பே நிரப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிய சிலர், வாணியம்பாடிக்கு முன்பே செயலி நெடுஞ்சாலையில் யூ டர்ன் போடச் சொன்னதாகத் தெரிவித்தார்கள். நடுத்தடுப்பு உள்ள சாலையில் புள்ளி எதிர்த்தடத்தில் விழுந்தால் இப்படித்தான் ஆகும். நெடுஞ்சாலைப் பகுதிக்குப் புள்ளியே வேண்டாம்; ஆலங்காயம் சாலையில் திரும்பிய பிறகு முதல் புள்ளியை வையுங்கள்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அறுவடையான கேழ்வரகையும் கொள்ளையும் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். வளைவு முடியும் இடத்தில் திடீரென எதிர்ப்படும் அந்தப் பயிர்த் தாளின் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். கடந்தவுடன் நிறுத்தி, சங்கிலியிலும் சூடான சைலன்சரிலும் சுற்றியிருக்கும் தாளை இன்ஜினை அணைத்தபின் எடுத்துவிடுங்கள்.