ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறிய ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவோர் பலர், அவர் பிறந்த ஊர் எதுவென்று தெரியாமலேயே ஸ்காட்லாந்துப் பதிவேடுகளுக்குள் புகுந்துவிடுகிறார்கள். பிற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. ஜான் மெக்டொனால்டு என்ற பெயரில் ஒரே தலைமுறையில், ஒரே தீவில்கூடப் பலர் இருந்திருப்பார்கள். பிரிட்டனிலிருந்து புறப்பட்ட பயணிகளின் பட்டியல்கள் 1890க்கு முன் முறையாகப் பேணப்படவில்லை என்பதால், கப்பல் ஆவணத்தை நம்பிக் காத்திருப்பதும் பெரும்பாலும் வீண். குடியேறிய நாட்டின் ஆவணங்களையே முதலில் தீரப் பார்த்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853க்குப் பிந்தைய இறப்புப் பதிவுகள் பெற்றோர் பெயர், பிறந்த இடம், அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதின. எனினும் அவற்றைச் சொன்னவர் மகனா, அண்டை வீட்டாரா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இடப்பெயர் கிடைத்த பின்னும் அவசரம் கூடாது. கல்லறையில் 'இன்வர்னெஸ்' என்றிருந்தால் அது நகரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே பெயருடைய மாவட்டத்தில் ஸ்கை தீவும் அடங்கியிருந்தது. 'கிரீனாக்' என்பது அவர் கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம்.

1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிற்காலக் கணக்கெடுப்புகளைப் போலவே படிப்பது அடுத்த தவறு. அதில் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவது விதி. 39 வயதுக்காரர் 35 என்று பதிவாகியிருப்பார். குடும்ப உறவுமுறை எழுதப்படாததால், கணவன் மனைவி என்று நாம் கொள்ளும் இருவர் அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் அதில் கிடைக்காது, வசிக்கும் மாவட்டத்திலேயே பிறந்தவரா என்பது மட்டுமே கிடைக்கும். உறவுமுறையும் பிறந்த பங்கும் (திருச்சபை வட்டாரமும்) 1851 முதல்தான் எழுதப்பட்டன.

திருச்சபைப் பதிவேடுகளில் பெயர் இல்லாவிட்டால் ஆளே அங்கில்லை என்று முடிவுகட்டுவதுதான், என் கருத்தில், மிகப் பெரிய தவறு. அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பழைய பங்குப் பதிவேடுகள் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு உரியவை. கத்தோலிக்கர்களும் பிரிந்துபோன பிற சபையாரும் தனிப் பதிவேடுகள் வைத்திருந்தார்கள். 1843இல் ஏற்பட்ட பெரும் பிளவில் நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரச் சபையை அமைத்தார்கள். 1848இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் குடியேற்றம் தொடங்கியதும் அந்தச் சபையின் ஆதரவோடுதான். அங்கே சென்ற குடும்பத்தின் கடைசிக் குழந்தைகளைப் பழைய பதிவேட்டில் மட்டும் தேடினால் காணக் கிடைக்காமல் போகலாம். இதற்கும் முன்பு, 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால், பதியாமலே விட்ட ஏழைக் குடும்பங்கள் உண்டு. மணமகன், மணமகள் இருவரின் பங்குகளிலும் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கப்பட்டதால் ஒரே திருமணம் இரு தேதிகளில் தென்படக்கூடும். அவற்றில் எதுவும் திருமண நாளாக இல்லாமலும் போகலாம். சபை மூப்பர் மன்றக் குறிப்பேடுகளைப் பலர் புரட்டுவதே இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் தந்தை பெயரும், ஊர் மாறிச் சென்றோருக்குத் தரப்பட்ட நற்சான்றும் சில வேளைகளில் அங்கேதான் அகப்படும்.

மெக், மேக் என்ற எழுத்து வேறுபாடுகளுக்கு முக்கியத்துவம் தர வேண்டியதில்லை. டொனால்டு டேனியல் ஆவதும், ஜேனட் ஜெஸ்ஸி ஆவதும் வழக்கம். மணமான பெண்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டிருப்பதையும் மறக்கக் கூடாது.

பொருத்தமான ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாமல், அது தவறாக இருக்கக்கூடுமா என்று சோதிக்க வேண்டும். நம்மவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில், அந்தப் பதிவிலுள்ள ஆள் 1851 கணக்கெடுப்பில் சொந்தப் பங்கிலேயே மனைவி மக்களோடு இருந்தால், அவர் நம்மவர் அல்லர். அக்குழந்தைக்குப் பின் பிறந்த தம்பிக்கும் அதே பெயர் இருந்தால் மூத்தவன் இறந்திருக்கலாம். 1855க்கு முன் பல பங்குகளில் அடக்கப் பதிவேடே இல்லாததால், அந்த இறப்புக்கு வேறு சான்று கிடைக்காமல் போகலாம். எனினும் தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயரும் வைக்கும் வழக்கத்தால், இரு தாத்தாக்களுக்கும் ஒரே பெயராக இருந்தபோது, உயிரோடிருந்த இரு மகன்களும் அப்பெயரையே தாங்கிய குடும்பங்களும் உண்டு. அந்நிலையில் உடன்பிறந்தார் அனைவரின் பதிவுகளையும் திரட்டி, புதிய நாட்டில் அவருக்கு அருகில் வாழ்ந்தோரின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.