கேமிங் லேப்டாப்ல ரேம் ஏத்தறது எப்படி, அதுக்கு முன்னாடி கிராஃபிக்ஸை அளந்து பாக்கறது எப்படி

மாசத்துக்கு ரெண்டு பேராவது எனக்கு மெசேஜ் போட்டு கேக்கறது இதுதான், "அண்ணா கேம் லேக் ஆவுது, ரேம் போட்டா சரியாயிடுமா?" ஆயிடும்னும் சொல்ல முடியாது, ஆவாதுன்னும் சொல்ல முடியாது, ஏன்னா லேக்ல ரெண்டு மூணு வகை இருக்கு, அதுல ஒரு வகைக்குதான் ரேம் மருந்து. என் சித்தி பையன் லேப்டாப்புல இன்னொரு 8 ஜிபி போட்டதும் வேற மெஷின் மாதிரி ஆயிடுச்சு. அதே மாசம் வேளச்சேரில இருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தன் 16ல இருந்து 32க்கு ஏத்தினான், கேம்ல ஒரு வித்தியாசமும் தெரியல, காசு போச்சு. ரெண்டு பேருக்கும் இருந்த பிரச்சனையே வேற வேற, ஒருத்தன் அளந்து பாத்துட்டு வாங்கினான், இன்னொருத்தன் அளக்காம வாங்கினான். இப்போ 2025 கடைசியில இருந்து மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்கு போயிட்டு இருக்கறதால ரேம் விலை தாறுமாறா ஏறி கெடக்கு, இந்த நேரத்துல தேவையில்லாம ஒரு ஸ்டிக் (ரேம் அட்டை) வாங்கறது நிஜமாவே வலிக்கும். அதனால ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுங்க, முதல்ல அளங்க.

முதல் ஸ்டெப்: இப்போ என்ன இருக்குன்னு பாருங்க

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் டேப்ல மெமரியை கிளிக் பண்ணுங்க. ஸ்பீடு, ஸ்லாட்ஸ் யூஸ்டு, ஃபார்ம் ஃபேக்டர் மூணும் கீழயே இருக்கும், ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஃபார்ம் ஃபேக்டர்ல சோடிம் (SODIMM)னு இருந்தா கழட்டி மாட்டற ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா போர்டோட சால்டர் பண்ணது, அதை கழட்ட முடியாது. சில மாடல்ல பாதி சால்டர், பாதி ஸ்லாட்டுன்னு கலந்தும் வரும், அதனால இதை மட்டும் நம்பாம உங்க மாடல் நம்பரோட சர்வீஸ் மேனுவலை டவுன்லோட் பண்ணி பாருங்க, டெல், ஹெச்பி, லெனோவா மூணுமே அவங்க சப்போர்ட் சைட்ல இலவசமா வெச்சிருக்காங்க. பின்பக்க கவரை எப்படி கழட்டறது, எந்த ஸ்க்ரூ எங்க இருக்கு, எவ்ளோ ரேம் வரைக்கும் தாங்கும், எல்லாமே படத்தோட இருக்கும்.

ரெண்டாவது ஸ்டெப்: கேம் ஓடும்போது அளக்கறது

இந்த ஸ்டெப்பைதான் எல்லாரும் தாண்டி போயிடறாங்க, நான் இதுலதான் அதிக நேரம் செலவு பண்ண சொல்வேன்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இன்ஸ்டால் பண்ணுங்க, கூடவே ரிவாட்யூனரும் வரும், கேம் ஓடும்போதே நம்பரை ஸ்க்ரீன்ல காட்டறது அதுதான். எம்எஸ்ஐ லேப்டாப்தான் இருக்கணும்னு இல்ல, எதுல வேணா ஓடும். ஸ்க்ரீன் ஓரத்துல தெரியற மாதிரி இதையெல்லாம் ஆன் பண்ணுங்க: எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருதுங்கறது), 1 சதவீத லோ (ரொம்ப மெதுவா வர்ற ஃப்ரேம்களோட எஃப்பிஎஸ்), ஃப்ரேம் டைம் கிராஃப் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆவற நேரம்), ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) யூசேஜ், ஜிபியு பவர், ஜிபியு சூடு, விரேம் (கிராஃபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி), சாதா ரேம், சிபியு யூசேஜ்.

சார்ஜரை கண்டிப்பா சொருகியிருக்கணும், பேட்டரில ஓட்டினா கிராஃபிக்ஸ் கார்டு பாதி பலத்துல கூட ஓடாது. லேப்டாப்போட சொந்த ஆப்ல பெர்ஃபார்மன்ஸ் மோடு வெச்சுக்கங்க. விசிங்க், எஃப்பிஎஸ் கேப் ரெண்டும் எஃப்பிஎஸ்ஸை ஒரு அளவுக்கு மேல போக விடாது, ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் ஒண்ணு, சென்னைல இருக்கறவங்க இதை மறக்கவே கூடாது, முன்னாடி எடுக்கற டெஸ்டும் பின்னாடி எடுக்கற டெஸ்டும் ஒரே மாதிரி ரூம்ல எடுங்க. மே மாசம் மத்தியானம் ஃபேனுக்கு கீழ ஒரு டெஸ்ட், ராத்திரி ஏசி போட்டு இன்னொரு டெஸ்ட்னு எடுத்தா வர்ற வித்தியாசம் ரேம்னாலயா ஏசினாலயான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

கேம்லயே பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கற டெஸ்ட்) இருந்தா ரொம்ப நல்லது, சைபர்பங்க் 2077, ஃபோர்ஸா ஹொரைசன் 5, ஜிடிஏ 5 இதுலெல்லாம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதே காட்சி ஓடும், அதனால ஒப்பிட்டு பாக்கலாம். மூணு தடவை ஓட்டுங்க, முதல் ரன்னை விட்டுடுங்க, லேப்டாப் சூடாகறதுக்கு முன்னாடி வர்ற நம்பர் எப்பவுமே அழகா இருக்கும், அதை நம்பக்கூடாது.

இப்போ நம்பரை படிக்கறது எப்படின்னு சொல்றேன்.

ஜிபியு யூசேஜ் 95ல இருந்து 99க்குள்ள நிக்குதா, அப்போ கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சா வேலை செய்யுது, எஃப்பிஎஸ் கம்மின்னா கார்டோட எல்லை அவ்ளோதான். இங்க ரேம் போட்டா பெருசா ஒண்ணும் ஏறாது. வேளச்சேரி ஃப்ரெண்டு கேஸ் இதுதான், கேம் ஓடும்போது ரேம் 11 ஜிபி கூட தாண்டல, ஜிபியு மட்டும் 98லயே நின்னுட்டு இருந்துச்சு, அவன் இந்த நம்பரை பாத்தது 32 போட்டதுக்கு அப்புறம்.

ஜிபியு 50, 60னு மேலயும் கீழயும் ஆடுது, எஃப்பிஎஸும் கம்மியா இருக்கு, அப்போ கார்டுக்கு வேலை வந்து சேரல, சிபியுவோ ரேமோ தாமதிக்குது. ரேம் எவ்ளோ நிறைஞ்சிருக்குன்னு பாருங்க. சித்தி பையன் லேப்டாப்புல கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, ரேம் ஒத்த ஸ்டிக் 8 ஜிபி. கேம், டிஸ்கார்டு, பின்னாடி குரோம்ல நாலு டேப் திறந்தா ரேம் 90 சதவீதத்துக்கு மேல போயிடும், அதுக்கப்புறம் விண்டோஸ் இடம் பத்தாம எஸ்எஸ்டில எழுதி எழுதி படிக்கும், ஒவ்வொரு தடவை அது நடக்கும்போதும் கேம் அரை நொடி நிக்கும். ஃப்ரேம் டைம் கிராஃப் சமமா ஒரு கோடு மாதிரி போகாம முள்ளு முள்ளா குத்திட்டு நின்னுச்சு. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், அதுதான் அந்த கோடு இருக்கவேண்டிய இடம்.

இதனாலதான் ஆவரேஜ் எஃப்பிஎஸ் மட்டும் பாத்து ஏமாறாதீங்கன்னு சொல்றது. தாம்பரத்துல ஏறின பஸ் சர்ருனு வந்து கத்திப்பாரா டிராஃபிக்ல பத்து நிமிஷம் நின்னா, மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகுத்து ஆவரேஜ் நல்லாதான் இருக்குன்னு சொல்லலாம், ஆனா உள்ள நின்னுட்டு இருக்கறவனுக்கு ஞாபகம் இருக்கறது கத்திப்பாராதான். 1 சதவீத லோங்கறது அந்த கத்திப்பாரா. ரேம் பத்தாம போனா முதல்ல விழறது அதுதான், ரேம் போட்டா முதல்ல ஏறறதும் அதுதான்.

விரேம் விஷயம் தனி. அது கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்துலயே சால்டர் பண்ணி வர்றது, ஆர்டிஎக்ஸ் 4050க்கு 6 ஜிபி, 4060க்கு 8 ஜிபின்னு வந்தது வந்ததுதான், ஏத்த முடியாது. டாஸ்க் மேனேஜர்ல ஷேர்டு ஜிபியு மெமரின்னு ஒண்ணு காட்டும், அது உங்க சாதா ரேம்ல பாதி, ரேம் ஏத்தினா அந்த நம்பரும் ஏறும், உடனே விரேம் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. லேப்டாப் 4060ல விரேம் ஸ்பீடு நொடிக்கு 256 ஜிபி, டிடிஆர்4ங்கற தலைமுறை ரேம் 3200 ஸ்பீடுல ரெண்டு ஸ்டிக் சேர்ந்தாலும் 51.2 ஜிபிதான். விரேம் நிறைஞ்சு வழிஞ்சா டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைக்கறதுதான் வழி. ரெஜிஸ்ட்ரில ஒரு நம்பரை மாத்தினா விரேம் கூடும்னு வர்ற வீடியோவெல்லாம் காட்டற நம்பரை மட்டும்தான் மாத்தும்.

இன்னொண்ணு ஜிபியு பவர். கார்டு பேரு ஒண்ணா இருந்தாலும் லேப்டாப்புக்கு லேப்டாப் வாட் மாறும், 4060 லேப்டாப் கார்டையே 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனிங்க விருப்பம் போல வெக்கலாம். ஒல்லி லேப்டாப்ல இருக்கற 4060ஐ, தடி லேப்டாப்ல இருக்கற 4060 சாதாரணமா தாண்டி போயிடும். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷனை திறந்தா உங்களுக்கு எத்தனை வாட் குடுத்திருக்காங்கன்னு இருக்கும். கேம்ல அந்த வாட் வராம சூடு 87 டிகிரி கிட்ட நிக்குதுன்னா, முதல்ல தூசி கிளீன் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்துங்க, ரேமை அப்புறம் பாத்துக்கலாம்.

மூணாவது ஸ்டெப்: எந்த ரேம் வாங்கறது

டிடிஆர்4ல 260 பின், அடுத்த தலைமுறையான டிடிஆர்5ல 262 பின், நடுவுல இருக்கற வெட்டும் வேற இடத்துல இருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. முடிஞ்சா பழைய ஸ்டிக்கோட ஃபோட்டோவை எடுத்துட்டு போங்க, ஸ்டிக்கர்ல எல்லாமே இருக்கு. அதுல "1ஆர்எக்ஸ்8" (1Rx8) இல்லன்னா "1ஆர்எக்ஸ்16" (1Rx16)னு ஒரு குறியீடு இருக்கும், இது ரொம்ப பேருக்கு தெரியாது. எக்ஸ்16 ஸ்டிக்ல பேங்க் குரூப் (சிப்புக்குள்ள மெமரியை பிரிச்சு வெச்சிருக்கற பகுதி) பாதிதான், அதனால அதே ஸ்பீடு எழுதியிருந்தாலும் கேம்ல கொஞ்சம் பின்தங்கும். டிடிஆர்5ல 8 ஜிபி ஸ்டிக் பொதுவா எக்ஸ்16தான், 16 ஜிபி ஸ்டிக் எக்ஸ்8ஆ வரும், அதனால டிடிஆர்5 லேப்டாப்புக்கு ரெண்டு 16 போடறது நல்லது.

ஒத்த ஸ்டிக்கா இருந்தா ரெண்டாவது போட்டாலே டூயல் சேனல் ஆயிடும், ரேமுக்கும் சிபியுக்கும் நடுவுல ரோடு ரெண்டு மடங்கு அகலமாவும். தனி கார்டு இல்லாம சிபியுக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ்ல விளையாடறவங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம், அவங்களுக்கு விரேமே இந்த ரேம்தான். 8ம் 16ம் கலந்து போடலாம், ஓடும், ஆனா முதல் 16 ஜிபி மட்டும் டூயல், மிச்ச 8 சிங்கிள். லேப்டாப் தாங்கற ஸ்பீடுக்கு மேல வாங்கி பிரயோஜனம் இல்ல, அது தன் ஸ்பீடுக்குதான் இறக்கி ஓட்டும்.

வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் (சென்னையோட எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்) போறவங்க ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்காவாசி கடை மூடியிருக்கும். மவுன்ட் ரோடுல இருந்து உள்ள நுழைஞ்சதும் முதல் கடையிலயே வாங்கிடாம மூணு கடை கேளுங்க. புது லேப்டாப்புல இருந்து கழட்டின ரேம் விலை கம்மியா கிடைக்கும், நல்லாவும் ஓடும், ஆனா அதுக்கு பிராண்டு வாரன்ட்டி கிடையாது, கடைக்காரர் சொல்ற வாரன்ட்டிதான். நான் ஒரு தடவை பில் வாங்காம வந்துட்டேன், ரெண்டாவது வாரம் ப்ளூ ஸ்க்ரீன், திரும்ப போனா இது எங்க கடை ஸ்டிக்கே இல்லன்னுட்டாங்க, கையில காட்ட ஒண்ணுமில்ல. ஜிஎஸ்டி பில், அதுல சீரியல் நம்பர், ரெண்டும் கேட்டு வாங்குங்க.

நாலாவது ஸ்டெப்: மாட்டறது

பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வெச்சுக்கங்க. ஷிஃப்ட்டை அமுக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, அப்போதான் முழுசா ஆஃப் ஆகும். சார்ஜரை கழட்டிட்டு பவர் பட்டனை 15 நொடி அமுக்கி பிடிங்க.

ஒரு வெள்ளை பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்தை வரைஞ்சு, கழட்டற ஸ்க்ரூவை அந்தந்த இடத்துலயே டேப் போட்டு ஒட்டுங்க. நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் மாறிப்போய் நீளமானதை தப்பான ஓட்டையில முறுக்கினா மேல கீபோர்டு பக்கம் முட்டும். எல்லா ஸ்க்ரூவும் கழட்டியும் கவர் வரலன்னா இழுக்காதீங்க, ரப்பர் காலுக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கலாம், மேனுவலை திரும்ப பாருங்க. பழைய ஏடிஎம் கார்டை ஓரத்துல விட்டு மெதுவா தள்ளிட்டே போனா கிளிப் ஒவ்வொண்ணா டக்கு டக்குனு விடும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை கழட்டறது. ஒயரை பிடிச்சு இழுக்காதீங்க, பிளக்கோட ரெண்டு ஓரத்தையும் நகத்தால கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க. கையை ஏதாவது பெரிய இரும்பு சாமான்ல ஒரு தடவை தொட்டுட்டு வாங்க, ஸ்டேட்டிக் போயிடும்.

ரேம் மேல தகடு மூடியிருந்தா மெல்ல நெம்பி எடுங்க. ஸ்டிக்கோட ரெண்டு பக்கமும் வெள்ளி நிற கிளிப் இருக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல வெளிப்பக்கம் விரிச்சா ஸ்டிக் தானா மேல எழும்பும். புதுசை தங்க பல்லை தொடாம ஓரத்துல பிடிச்சு, வெட்டை பாத்து, சுமார் 30 டிகிரி சாய்ச்சு உள்ள தள்ளுங்க. தங்கக்கோடு வெளிய கொஞ்சம்தான் தெரியணும், பாதி தெரிஞ்சா இன்னும் உள்ள போகல. சரியா போனதும் கீழ அமுக்குங்க, ரெண்டு பக்கமும் கிளிக்னு ஒரு சத்தம். ஒரு பக்கம் மட்டும் கிளிக் ஆனா திரும்ப எடுத்து போடுங்க, பலம் குடுக்காதீங்க.

அஞ்சாவது ஸ்டெப்: ஆன் பண்ணி சரிபாக்கறது

பேட்டரி கனெக்டரை மாட்டி, கவரை வெச்சு, சார்ஜரை சொருகி ஆன் பண்ணுங்க. டிடிஆர்5ஆ இருந்தா முதல் தடவை ஸ்க்ரீன் கருப்பாவே ரெண்டு மூணு நிமிஷம் இருக்கலாம், உள்ள மெமரி டிரெய்னிங் ஓடுது, அதாவது லேப்டாப் புது ரேமுக்கு ஏத்த மாதிரி தன்னை சரி பண்ணிக்குது. ரொம்ப பேரு இந்த இடத்துல பயந்து போய் பவர் பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிடறாங்க, பண்ணாதீங்க, பொறுமையா இருங்க. பத்து நிமிஷம் ஆகியும் வரலன்னா ஆஃப் பண்ணி ஸ்டிக்கை எடுத்து திரும்ப உக்கார வெச்சு பாருங்க, முக்காவாசி நேரம் அதுலயே சரியாயிடும்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜர்ல மொத்த ஜிபியும் ஸ்லாட்டும் பாருங்க. சிபியு-இசட்ங்கற (ஹார்டுவேர் விவரம் காட்டற) ஆப்ல மெமரி டேப்ல டிடிஆர்4னா டூயல்னோ 2 பெருக்கல் 64 பிட்னோ, டிடிஆர்5னா 4 பெருக்கல் 32 பிட்னோ வரணும். அங்க ஃப்ரீக்வென்ஸி 1600 கிட்ட காட்டினா பதறாதீங்க, டிடிஆர்ல அது பாதிதான் காட்டும், 3200தான் ஓடுது. அன்னைக்கு ராத்திரி ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு ஓட விட்டு தூங்கிடுங்க, காலையில ஒரு எரர் இருந்தாலும் கடைக்கு திரும்ப கொண்டு போங்க. ஒண்ணே ஒண்ணுதானேன்னு விடாதீங்க, அந்த ஒண்ணுதான் ஒரு நாள் உங்க ப்ராஜெக்ட் ஃபைலை கெடுக்கும்.

அப்புறம் அதே ரூம், அதே செட்டிங், அதே பெஞ்ச்மார்க் மூணு தடவை. சித்தி பையன் லேப்டாப்ல ஆவரேஜ் கொஞ்சம்தான் ஏறுச்சு, ஆனா முள்ளு முள்ளா இருந்த ஃப்ரேம் டைம் கோடு கிட்டத்தட்ட சமமாயிடுச்சு, ஜிபியு யூசேஜ் 60ல இருந்து 90க்கு மேல வந்து நின்னுச்சு. அதாவது இப்போ அவன் கார்டுதான் அவனோட எல்லை, இதுக்கு மேல ரேம் போட வேண்டாம்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன்.

ஸ்டிக்கையே மாத்தினவங்க, பழசை அந்த புது ஸ்டிக் வந்த பிளாஸ்டிக் டப்பாலயே போட்டு பில்லோட சேர்த்து வெச்சுக்கங்க. வாரன்ட்டில லேப்டாப்பை சர்வீஸ் சென்டருக்கு குடுக்கும்போது கம்பெனி ரேமையே மாட்டி குடுத்துடலாம்.