கையொப்பமிட்ட டோக்கன்: உருவாக்கும் முறையும் சரிபார்க்கும் முறையும்

மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அது யாருடைய செருப்புக்கு உரியது என்பதை டோக்கனைப் பார்த்துச் சொல்ல முடியாது, அலமாரியில்தான் தேட வேண்டும். இணையச் செயலிகளில் நெடுநாளாக வழங்கிவரும் செஷன் முறையும் அப்படிப்பட்டதே: பயனரிடம் ஓர் எண் மட்டும் இருக்கும், விவரங்களைச் சர்வர்தான் தேட வேண்டும். கையொப்பமிட்ட டோக்கனிலோ, வந்திருப்பவர் யார், டோக்கன் எப்போதுவரை செல்லும் என்ற விவரங்கள் எழுதப்பட்டு, யாரேனும் திருத்தினால் தெரிந்துவிடும்படி சர்வரின் கையொப்பமும் இடப்பட்டிருக்கும். 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த ஜேசன் வெப் டோக்கன் (ஜேடபிள்யூடி) இவ்வகையில் பரவலாகப் புழங்குவது.

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்குச் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதில் முதலாளி விலையை மாற்றலாம். கணக்குப்பிள்ளை பில் மட்டும் போடலாம். கணக்குப்பிள்ளையின் கடவுச்சொல் சரியென்று உறுதியான பிறகே டோக்கன் உருவாக வேண்டும். தலைப்பகுதி எனப்படும் அதன் முதற்பகுதியில் கையொப்ப முறையின் பெயரும், இரண்டாம் பகுதியில் பயனர் எண், வழங்கியவர், பெறுநர், வழங்கிய நேரம், காலாவதி நேரம் ஆகியவையும் இருக்கும். இவ்விரண்டையும் பேஸ்64யூஆர்எல் (இணைய முகவரியில் வைக்கத்தக்க எழுத்துகளாக மாற்றும் முறை) எழுத்துகளாக்கி, இடையில் புள்ளி வைத்து இணைத்து, அந்த எழுத்துச் சரத்தின் மீது ரகசியச் சாவியைக் கொண்டு எச்மேக் ஷா-256 என்ற கணிப்பு முறையில் கணக்கிட்டால் கிடைப்பதே மூன்றாம் பகுதியாகிய கையொப்பம். இந்த முறைக்கு எச்எஸ்256 என்று பெயர்.

சாவி குறைந்தது 32 பைட் நீளமுள்ளதாகவும், கணினியின் பாதுகாப்பான ரேண்டம் எண்களிலிருந்து பிறந்ததாகவும் இருக்க வேண்டும். 'மதுரை123' போன்ற சொல்லைச் சாவியாக வைத்தால், ஒரே ஒரு டோக்கன் கையில் கிடைத்தவர் நம் சர்வரைத் தொடாமலேயே தம் கணினியில் லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்த்துச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். நிரலுக்குள்ளோ, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்திலோ சாவியை எழுதி வைக்கக் கூடாது. மேலும், டோக்கனின் உள்ளடக்கம் அஞ்சலட்டையில் எழுதியதைப் போன்றது: திருத்தினால் தெரியுமே தவிர, படிப்பதை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் அதில் இடம்பெறக் கூடாது.

டோக்கன் உருவாக்குவது நான்கு வரி வேலை. பிழைகள் பெரும்பாலும் சரிபார்ப்பில்தான் நுழைகின்றன. எந்த முறையில் சரிபார்ப்பது என்பதை டோக்கனின் தலைப்பகுதியைக் கேட்டு முடிவு செய்யாமல், சர்வரே முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும். தலைப்பகுதியை நம்பிய நூலகங்கள், 'நன்' (none, அதாவது கையொப்ப முறை எதுவுமில்லை) என்று எழுதிக் கையொப்பமே இல்லாமல் வந்த டோக்கன்களையும் ஏற்றுக்கொண்ட வரலாறு உண்டு. முறையைத் தீர்மானித்த பிறகு, முதலிரு பகுதிகளின் மீது கையொப்பத்தை மீண்டும் கணக்கிட்டு, வந்த கையொப்பத்துடன் ஒப்பிட வேண்டும். முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடாமல் எப்போதும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டுச் செயற்கூறு இதற்கு அவசியம். கையொப்பம் பொருந்திய பின்னரே காலாவதி, வழங்கியவர், பெறுநர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கும் தளம்) நிரலர்கள் பயன்படுத்தும் ஜேசன்வெப்டோக்கன் நூலகத்தில் 'டீகோட்' வெறுமனே பிரித்துப் படிக்கும். 'வெரிஃபை' தான் சரிபார்க்கும். பைதான் மொழிக்கான பைஜேடபிள்யூடி நூலகத்திலோ 'டீகோட்' என்பதே சரிபார்க்கும் வேலையைச் செய்கிறது. பெயரை மட்டும் பார்த்து எழுதாமல் ஆவணத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

காலாவதி நேரம் வினாடிக் கணக்கில் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மில்லிவினாடியில் நேரம் தருகிறது. ஒரு செயலியில் 1000-ஆல் வகுக்க நான் மறந்துவிட்டதால், டோக்கனின் ஆயுள் ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. சரியான டோக்கன் உள்ளே போகிறதா என்று மட்டும் சோதித்ததால் எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றன, பிழை பல வாரங்கள் கண்ணில் படவில்லை. அன்று முதல், காலாவதியான டோக்கன், வேறு சாவியில் கையொப்பமிட்ட டோக்கன், ஓர் எழுத்து மாற்றிய டோக்கன் ஆகியவை 401 (அனுமதி மறுப்புக்கான பதில் எண்) பெற்றுத் திரும்புகின்றனவா என்பதையே முதலில் சோதிக்கிறேன். எழுத்தை மாற்றும்போது கையொப்பத்தின் நடுவில் மாற்றுங்கள். 32 பைட் கையொப்பம் 43 எழுத்துகளாகிறது. கடைசி எழுத்தில் இரண்டு பிட்டுகள் பயன்படுவதில்லை என்பதால், அதை மாற்றியும் டோக்கன் செல்லுபடியாகிவிடக்கூடும்.

கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் அவரிடமுள்ள டோக்கன் காலாவதியாகும்வரை செல்லும். அதனால் அதன் ஆயுளை 15 நிமிடமாக வைத்து, காலாவதியானதும் புதியது வாங்க உதவும் புதுப்பிக்கும் டோக்கனைத் தரவுத்தளத்தில் பதிந்து, அவர் விலகும் நாளில் அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டும். விலை மாற்றம் போன்ற செயல்களுக்கு உரிமையை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் பார்ப்பதே என் வழக்கம். டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜ் என்னும் உலாவிச் சேமிப்பிடத்தில் வைத்தால் பக்கத்தில் புகுந்த எந்த ஸ்கிரிப்டும் அதைப் படித்துவிடும். எச்டிடிபிஒன்லி (ஸ்கிரிப்ட் படிக்க முடியாது), செக்யூர் (பாதுகாப்பான இணைப்பில் மட்டும் செல்லும்), சேம்சைட் (பிற தளங்களிலிருந்து எழும் கோரிக்கைகளுடன் செல்வதைக் கட்டுப்படுத்தும்) ஆகிய மூன்றும் அமைந்த குக்கியே பொருத்தமானது. சாவியை மாற்றும் நாளில், புதிய டோக்கன்களைப் புதிய சாவியால் கையொப்பமிட்டு, ஏற்கெனவே வழங்கியவற்றில் கடைசி டோக்கன் காலாவதியாகும்வரை பழைய சாவியைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்திருந்து, பிறகு அழித்துவிடலாம்.