தேர்வடமும் தோணிக் கப்பியும்: மாதிரிக் கப்பலின் தளச் சாமான்களைத் தேடிய கதை

"முளையை இம்புட்டு நெருக்கமா அடிச்சிருக்கியளே அண்ணாச்சி, கயித்தைச் சுத்துறவன் கைய எங்க வைப்பான்?"

தூத்துக்குடியில் தோணி ஓட்டி ஓய்ந்த தண்டையல் ஒருவர் என் மாதிரிக் கப்பலைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து எட்டு மாதம் செய்த தளம். பாய்க்கயிறுகளைக் கட்டும் முளைகளை இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக நட்டிருந்தேன். என் அளவு 64-ல் ஒரு பங்கு. அப்படியானால் அசலில் முளைக்கு முளை ஐந்து அங்குலம்தான். கயிற்றைச் சுற்றி, மிச்சத்தை வளையமாகத் தொங்கவிட அங்கே இடம் ஏது? எல்லாவற்றையும் பிடுங்கினேன். தளச் சாமான்களை எப்படி ஆராய்வது என்று நான் கற்றது அதற்குப் பிறகுதான்.

நான் எடுத்துக்கொண்ட கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கோமலீ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817 அக்டோபரில் கடலில் இறக்கியது. பெயர் நம் திருகோணமலை. அந்த ஆசைதான் வேறென்ன. பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி, என் மேஜையில் 71 சென்டிமீட்டர்.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். கப்பலின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தக் கப்பலையே பாருங்கள். கட்டும்போது பீரங்கித் தளத்தில் பதினெட்டு பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகள் 28, மேலே கரோனேடு என்ற குட்டைப் பீரங்கிகள். 1847-ல் மறுபடி கடலுக்குப் போனபோது மாற்றிக் கட்டப்பட்டு, மொத்தமே 26 பீரங்கிகள். பிறகு பயிற்சிக் கப்பலாகி 'ஃபுட்ராயன்ட்' என்று பெயர் மாறியது. 1990-களில் பழுது பார்த்து இன்று இங்கிலாந்தில் ஹார்டில்பூலில் நிற்கிறது. நான்கு காலத்துக்கும் தளம் ஒன்றல்ல. நங்கூரத்தைக் கட்டும் ஆலாத்து, அதாவது தொடை தடிமனுள்ள சணல் கயிறு, மெல்ல இரும்புச் சங்கிலிக்கு இடம் கொடுத்ததும் இந்தக் கப்பலின் காலத்தில்தான். சங்கிலி வந்தால் தளத்தில் அது ஓடும் வழியும் அதைப் பிடித்து நிறுத்தும் சாமான்களும் மாறும். நான் 1847 என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டேன். அதற்குப் பொருந்தாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிட்டேன்.

பழைய புகைப்படம் தேடுவோர் கப்பலின் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும். ஆனால் எச்சரிக்கை: 'ஃபுட்ராயன்ட்' என்று போட்டால் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் ஏறிய வேறொரு கப்பலும் வரும். அது 1798-ல் இறங்கி 1897-ல் பிளாக்பூல் கரையில் உடைந்தது. அதன் படத்தைப் பார்த்து இரண்டு நாள் கப்பல் மணி தொங்கும் மணிக்கூண்டை வரைந்தவன் நான். படத்துக்கு அடியில் இருக்கும் ஆண்டையும் ஊரையும் படித்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது வரைபடம். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் மூல வரைபடங்கள் கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. இதில் ஒரு வேடிக்கை. டிரிங்கோமலீக்கான வரைபடம் முதலில் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்குப் புறப்பட்டது. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்களின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பல் அதைத் தோற்கடித்தது, வரைபடமும் போயிற்று. வேறு நகல் அனுப்பிய பிறகே வேலை தொடங்கியது. ஒரு நகலோடு நிற்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகைக் கப்பல்களுக்கு மூலம் 1782-ல் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் 'ஹேபே'. ஒரே வகையில் பல கப்பல்கள் கட்டியதால், உங்கள் கப்பலில் தெரியாத இடத்தைத் தங்கைக் கப்பலின் படத்தில் தேடலாம். தேடிய பின் "தங்கையிடம் எடுத்தது" என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

வரைபடத்தில் கீழே இறங்கும் கதவு வாய்கள், நங்கூரம் தூக்க ஆட்கள் சுற்றித் தள்ளும் கேப்ஸ்டன் எல்லாம் எங்கே என்று தெரியும். முளை, வாளி, கயிற்று வளையம் தெரியாது. அதற்கு அந்தக் காலத்து அட்டவணைகள். 1794-ல் டேவிட் ஸ்டீல் லண்டனில் வெளியிட்ட நூலில் கயிறு, கப்பி அளவுகள் வரிசையாக உள்ளன, இணையத்தில் படிக்கலாம். இங்கேதான் நான் சறுக்கி விழுந்தேன். அந்த ஆங்கிலேய அட்டவணைகளில் கயிறுக்குச் சொல்லும் அங்குலம் விட்டம் அல்ல, சுற்றளவு. ஆறு அங்குலக் கயிறு என்றால் குறுக்கே இரண்டு அங்குலம்கூட வராது. என் அளவில் 0.76 மில்லிமீட்டர். நானோ 2.4 மில்லி நூலை வாங்கிக் கட்டிவிட்டேன். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் இழுக்கும் வடம் போல இருந்தது. பார்த்த என் மனைவி, "தேர் எங்கே?" என்று கேட்டாள்.

அதன்பின் எந்த அளவையும் நம்புவதற்கு முன் 26 மில்லிமீட்டர் உயர மனிதன் ஒருவனைக் குச்சியில் செதுக்கித் தளத்தில் நிறுத்துகிறேன். ஐந்தரை அடி ஆள் அவன். கேப்ஸ்டன் தடி அவன் நெஞ்சுக்கு வருகிறதா? சுக்கான் சக்கரத்தின் பிடி கைக்கு எட்டுகிறதா? கதவு வாய்களை மூடும் மரச் சட்டத் தட்டின் ஓட்டைகள் அசலில் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஓடுகிறவன் கால் மாட்டும். என் அளவில் 1.2 மில்லி. கடையில் வாங்கும் மாதிரிக் கப்பல் பெட்டியோடு வந்த தட்டு அதைவிடப் பெரியது. தூக்கிப் போட்டேன்.

அப்புறம், தூத்துக்குடிக்குப் போங்கள். பழைய துறைமுகத்துத் தோணிகள் வேறு சாதிக் கப்பல்கள், அவற்றைப் பார்த்து பிரிட்டிஷ் கப்பலின் வடிவத்தை எடுக்கக் கூடாது. ஆனால் மரக் கப்பியில் கயிறு எந்தப் பக்கம் தேய்க்கிறது, கயிற்றை எப்படிச் சுருட்டி வைக்கிறார்கள், எங்கே எண்ணெய்க் கறை படிகிறது என்பதைப் புத்தகம் சொல்லாது. அனுமதி வாங்கிப் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேப்ஸ்டன் உருளை போன்ற உருண்டைச் சாமான்களுக்கு அம்பாசமுத்திரம் கடைசல் பட்டறைதான் எனக்குக் கைகொடுத்தது. சொப்புச் சாமான் கடைகிறவருக்கு அளவு சொன்னால் போதும், கோட்டுப்படம்கூட வேண்டாம்.

நோட்டில் சாமானுக்கு ஒரு வரி: பெயர், அசல் அளவு, என் அளவு, எங்கே பார்த்தேன், எந்த ஆண்டு. கடைசிக் கட்டத்தில் உறுதி என்றோ ஊகம் என்றோ குறி. ஊகம் என்று போட்டதை அழுத்தி ஒட்டுவதில்லை, நீரில் கரையும் பசை ஒரு சொட்டுதான். மணிக்கூண்டு இப்போதும் அந்தச் சொட்டில்தான் நிற்கிறது. முளைகளைப் புதிதாக நட்டுத் தண்டையலிடம் கொண்டுபோனேன். கையை வைத்துப் பார்ப்பது போல விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்பம் சரி" என்றார்.