ஐஸ் மேக்கர் ஐஸ் தராவிட்டால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஃப்ரீசரில் உள்ள ஐஸ் மேக்கர் நின்றுவிட்டால் மெக்கானிக்கை அழைக்கும் முன், அதற்கு வரும் தண்ணீரையும் ஃப்ரீசரின் குளிரையும் நாமே சோதித்துவிடலாம். ஐஸ் பெட்டியின் மேலிருக்கும் கம்பிக் கை தூக்கிய நிலையில் சிக்கியிருந்தால், பெட்டி நிறைந்துவிட்டதாகக் கருதி இயந்திரம் தானாக நின்றுவிடும். அதைக் கீழே இறக்கிவிட்டாலே போதும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். பல மாடல்களில் ஐஸ் உறையும் தட்டு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் ஐஸ் பெட்டிக்குள் விழும் என்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் கதவை அடிக்கடி திறந்தாலே உற்பத்தி குறைந்துவிடும்.

நம் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான். குழாய் இணைப்புள்ள பல மாடல்களுக்குக் குறைந்தது 1.4 பார், அதாவது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் தேவை. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் கிடைக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடித் தொட்டி, கீழ்த்தளத்துச் சமையலறைக்கு அதில் பாதியைத் தந்தாலே பெரிது. சுவரில் மாட்டிய ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டியிலிருந்து கிளைக்குழாய் எடுத்தவர்களுக்கு அதுவும் கிடைக்காது. ஐஸ் கட்டிகள் சிறுத்தோ உள்ளே குழிந்தோ விழுவது இதன் முதல் அடையாளம். சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைப் பொருத்துவதே இதற்கு நிலையான தீர்வு. ஆனால், கையேட்டில் குறித்துள்ள உச்ச அளவை அழுத்தம் தாண்டக்கூடாது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நாமே கையால் நிரப்பும் தண்ணீர்த் தொட்டி உள்ள மாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அழுத்தம் குறைந்தால் மற்றொரு கேடும் உண்டு. உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு முழுமையாக மூடாமல் சொட்டுச் சொட்டாக ஒழுக, அந்தச் சொட்டுகள் தட்டுக்கு மேலுள்ள நிரப்புக் குழாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். அப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயின் மீது சுற்றிப் பொறுமையாக உருகவிடுங்கள். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு ஒருபோதும் குத்தாதீர்கள். பிளாஸ்டிக் உடையும், கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு பல மடங்காகும். உருக்கியபின் மீண்டும் உறைந்தால் வால்வை மாற்றவேண்டும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் சுண்ணாம்புப் படிவு வால்வின் வாயிலுள்ள வலையை அடைக்கும். ஐஸ் உருகியதும் டம்ளரின் அடியில் வெள்ளைத் துகள்கள் தங்குவதும் அதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி கலங்கி வரும்போது ஃபில்டர் சீக்கிரமே அடைபடும் என்பதால், 6 மாதம் ஆகட்டும் என்று காத்திராமல் மாற்றிவிடலாம். புது ஃபில்டர் போட்டபின் முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகக் கிடந்தால், நீண்ட மின்தடையில் உருகி மறுபடி உறைந்திருக்கும், அல்லது கதவின் ரப்பர் தளர்ந்திருக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையின்றி வந்துவிட்டால் ரப்பரை மாற்றவேண்டும். மீன் வாடை ஐஸில் ஏறினால் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மீனை மூடிய டப்பாவில் வையுங்கள்.

இவற்றைச் சரிசெய்தபின் ஒரு முழு நாள் பொறுத்திருந்தும் ஐஸ் விழாவிட்டால், மோட்டாரோ வால்வின் மின்சுருளோ (coil) பழுதாகியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.