வீட்டுக்காரரை, வீட்டுக்காரம்மாவை எண்டர்பிரைஸில் ஏற்றுவது எப்படி?

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987 முதல் 1994 வரை ஓடிய அமெரிக்க விண்வெளித் தொடர். எண்டர்பிரைஸ் அதில் வருகிற கப்பல். 7 சீசன், 178 எபிசோடு. இதை உயிராக நினைக்கிறவர்கள் கட்டியவரிடம் காட்ட ஆசைப்பட்டால், செய்கிற முதல் வேலை முதல் எபிசோடைப் போடுவது. பெரும்பாலும் காரியம் அங்கேயே கெட்டுப்போகிறது. ஒன்றரை மணி நேரம் இழுக்கிற கதை, உடம்போடு ஒட்டிய சீருடை, இன்னும் பாத்திரத்துக்குள் இறங்காத நடிகர்கள். பக்கத்தில் இருப்பவர் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று எழுந்து போவார். அடுத்த முறை கூப்பிட்டால் அடுப்பில் வேலை இருக்கும்.

வரிசையாகப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பிறகு. முதலில் 8 எபிசோடு போதும். ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், மொத்தம் 6 மணி நேரம். அதை எட்டு வாரத்துக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரை வீடுகளின் நடப்பை வைத்தே கீழே உள்ள முறை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

எந்த எபிசோடு என்பதைவிட எந்த இரவு என்பது முக்கியம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அந்தக் கணக்குப்படி வியாழன் இரவுதான் சரி. புதன் போனவர் வியாழன் காலை வந்து, மீனைப் போட்டுவிட்டு, பகலில் தூங்கி எழுந்திருப்பார். வெள்ளிக்கிழமை தொழில் இல்லை. ஞாயிறு, செவ்வாய், வெள்ளி இரவுகள் வேண்டாம், விடிந்தால் படகுக்குப் போக வேண்டும். பாதியில் குறட்டை விட்டால் தொடரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்காரம்மா பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போகிறவராக இருந்தால் அவருடைய நாளுக்கும் இதே கணக்குப் போடுங்கள்.

சீரியல் நேரத்தில் கை வைக்காதீர்கள். மாமியாரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் 8 மணிக்கு ரிமோட்டைப் பிடுங்கி ஒரு விண்வெளிக் கப்பலைக் காட்டினால், அந்தக் கப்பல் மேல் வீடே கோபம் கொள்ளும். 9.30க்குச் சாப்பாடு முடித்துவிட்டு ஒரே ஒரு எபிசோடு. இரண்டாவதைக் கேட்டாலும் போடாதீர்கள்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் மின்சாரம் இருக்காது. அந்த நாட்களுக்காக இரண்டு எபிசோடைப் போனிலோ டேப்லட்டிலோ முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

படி 2: டிவியைத் தயார் செய்யுங்கள்

பழைய தொடர் என்பதால் படம் 4:3 அளவில், ஏறக்குறைய சதுரமாக வரும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். அது கோளாறு இல்லை. சில டிவிகள் தாமாகவே படத்தை அகலமாக இழுத்துவிடும், எல்லோர் முகமும் உப்பிப்போகும். பிக்சர் செட்டிங்கில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ வையுங்கள். எச்டிக்கு மெருகேற்றிய பதிப்பு 2012 முதல் வந்தது. கிடைத்தால் அதையே பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பது உரிமம் கை மாற மாற மாறும். சந்தா கட்டுவதற்கு முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். போன் டேட்டாவில் ஓட்டுவதாக இருந்தால் கவனம்: எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி பிளானில் கடைசிச் சில நிமிடம் சுற்றிக்கொண்டே நிற்கும், இந்தத் தொடரில் எல்லாமே அந்தக் கடைசி நிமிடங்களில்தான் இருக்கிறது. தரத்தை ஒரு படி குறைத்து வையுங்கள்.

மின்விசிறிச் சத்தத்தில் வசனம் கேட்காது. ஆங்கில சப்டைட்டிலை எப்போதும் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ முனை அரித்துப் படம் விட்டுவிட்டு வந்தால், டிவியை அணைத்து, கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். இதையெல்லாம் அவர் வந்து உட்காரும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

படி 3: மூன்று வாக்கியம் சொல்லுங்கள், நான்காவது வேண்டாம்

“24ஆம் நூற்றாண்டு. எண்டர்பிரைஸ் கப்பலில் ஆயிரம் பேர் குடும்பம் குட்டியோடு இருக்காங்க, சண்டைக்குப் போற கப்பல் இல்ல, ஆராய்ச்சிக்கும் தூதுக்கும் போறது. பிக்கார்ட் கப்பலை நடத்துற மண்டாடி மாதிரி, ரைக்கர் அவருக்கு அடுத்த ஆள், டேட்டா மனுஷ உருவத்துல ஒரு இயந்திரம்.”

இவ்வளவுதான். வார்ப், ஃபேசர், க்ளிங்கான் எதையும் விளக்காதீர்கள். நடுவில் வருகிற தொழில்நுட்பப் பேச்சு புரியவில்லை என்றால் புரிய வேண்டியதே இல்லை. அதை எழுதியவர்களே திரைக்கதையில் அந்த இடத்தில் ‘டெக்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள், அறிவியல் ஆலோசகர்கள் பிறகு வார்த்தைகளை நிரப்புவார்கள். கதை ஒருநாளும் அந்த வார்த்தைகளில் தொங்கியதில்லை.

படி 4: முதல் எபிசோடு, அதிலும் இரண்டு வழி

ஆங்கிலம் சரளமாகப் பின்தொடர்கிறவருக்கு ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ (சீசன் 2, எபிசோடு 9, 1989). டேட்டாவைப் பிரித்துப் பார்த்து ஆராய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறான். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா, அல்லது அவன் அரசாங்கத்தின் பொருளா என்று வழக்கு நடக்கிறது. துப்பாக்கிச் சூடு கிடையாது, ராட்சதப் பிராணி கிடையாது. விண்வெளிக் கதை என்றாலே முகம் சுளிக்கிறவர்கூட ஒரு வழக்கைப் பாதியில் விட்டு எழ மாட்டார். ஆரம்பத்தில் சீட்டாட்டக் காட்சி ஒன்று வரும். அதை ஓட்டிவிடாதீர்கள், இந்த ஆட்கள் ஒருவருக்கொருவர் எப்படி என்பது அங்கேதான் பிடிபடும்.

ஆங்கிலம் அவ்வளவாக ஓடாதவருக்கு இது பொருந்தாது. முழுக்கப் பேச்சு, சப்டைட்டில் துரத்தும். அவருக்கு ‘காஸ் அண்ட் எஃபெக்ட்’ (சீசன் 5, எபிசோடு 18, 1992). டைட்டில் வருவதற்கு முன்பே கப்பல் வெடித்துச் சிதறுகிறது. பிறகு அதே நாள் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதே காட்சி, அதே வசனம் மறுபடி மறுபடி வருவதால், மூன்றாவது சுற்றில் வசனம் காதில் ஏறிவிடும். முதல் தடவை விட்டதை அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம். இயக்கிய ஜோனதன் ஃப்ரேக்ஸ் (ரைக்கராக நடிப்பவரும் அவர்தான்) ஒவ்வொரு சுற்றையும் வேறு கோணத்தில் எடுத்திருப்பதால் சலிப்பும் தட்டாது. “ஒரே காட்சி திரும்ப வரும், டிவி ரிப்பேர் இல்ல” என்று மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ரிமோட்டைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

படி 5: மற்றவை, இந்த வரிசையில்

அடுத்து ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ (சீசன் 3, எபிசோடு 16, 1990). டேட்டா தனக்கு ஒரு மகளை உருவாக்குகிறான். ‘மெஷர்’ பார்த்த பிறகு பார்த்தால்தான் முழு வலி தெரியும். இதன் முடிவில் யாராவது கண்ணைத் துடைத்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். பிறகு முன்பு விட்டது எதுவோ (‘மெஷர்’ அல்லது ‘காஸ்’) அதைப் போடலாம். ‘காஸ்’ வழியாக வந்தவருக்கு மட்டும் ‘மெஷர்’ முதலில், ‘ஆஃப்ஸ்பிரிங்’ பிறகு.

நான்காவதும் ஐந்தாவதும் ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ இரண்டு பாகங்கள் (சீசன் 3 கடைசி, சீசன் 4 முதல்). போர்க் என்ற பாதி இயந்திரக் கூட்டத்தை இவர்கள் முன்பே ஒரு தடவை சந்தித்துத் தப்பியிருக்கிறார்கள், பிடித்தவர்களைத் தங்களைப் போலவே மாற்றிவிடும் கூட்டம் அது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முதல் பாகம் முடிகிற இடம் பேர்போனது. 1990 ஜூனில் ஒளிபரப்பாகி, அடுத்த பாகத்துக்கு செப்டம்பர் வரை அமெரிக்காவே காத்திருந்தது. அன்றிரவே அடுத்ததைப் போட மனம் துடிக்கும். கூடாது. குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மறுநாள் மதியம் சோறு போடும்போது “அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று அவராகக் கேட்டால் வேலை முடிந்த மாதிரி. கேட்காவிட்டால் படி 7க்குப் போங்கள்.

ஆறாவது ‘ஃபேமிலி’ (சீசன் 4, எபிசோடு 2). முந்தைய கதையில் அடிபட்ட பிக்கார்ட், பிரான்சில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். விண்வெளிச் சாகசம் எதுவும் இல்லை. அண்ணன் தம்பி பழைய மனக்கசப்பு, ஒரே சாப்பாட்டு மேசை. நம் வீடுகளில் இது புரியாத ஆள் இருக்க முடியாது. சண்டைக் கதை ரசிகர்கள் இதைத் தாண்டிப் போவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள்.

ஏழாவது ‘டார்மாக்’ (சீசன் 5, எபிசோடு 2, 1991). வேற்றுக் கிரகத்தவர் பேசுவது விளங்காது. சப்டைட்டிலைத் திட்டுவார். விளங்காமல் இருப்பதுதான் கதை என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

கடைசியாக ‘தி இன்னர் லைட்’ (சீசன் 5, எபிசோடு 25, 1992, மறுவருடம் ஹூகோ விருது வாங்கியது). இதையே முதலில் காட்டும் ஆசை எல்லா ரசிகருக்கும் வரும், இந்தத் தொடரின் உச்சம் என்று பலர் சொல்வதும் இதைத்தான். ஆனால் பிக்கார்ட் எப்படிப்பட்டவர், குடும்பம் என்று ஒன்று இல்லாமல் எதற்காக வாழ்கிறார் என்று தெரியாதவருக்கு இது ஒரு நல்ல சோகக்கதை மட்டுமே. ஏழு எபிசோடு பழகியவருக்கு வேறு மாதிரி இறங்கும். கதையை இங்கே சொல்லப்போவதில்லை. மழை பொய்த்த ஓர் ஊரில் நடக்கிறது என்பது மட்டும் போதும். ஊரணி வற்றுவதைப் பார்த்து வளர்ந்த ராமநாதபுரத்துக்காரருக்கு அந்த ஊரின் கவலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இறுதியில் ஒரு புல்லாங்குழல் இசை வரும். டிவி தானாக அடுத்த எபிசோடுக்குத் தாவாதபடி ‘ஆட்டோபிளே’யை முன்பே நிறுத்தி வையுங்கள்.

படி 6: சபுராளி (வெளிநாட்டுக்குப் போய் உழைப்பவர்) வீடுகளுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பாதிப் பேருக்கு மச்சான் (கணவர்) வளைகுடாவில் இருப்பார். சேர்ந்து பார்க்க முடியும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். இங்கே 10.30 என்றால் துபாயில் 9, சவூதியில் 8. இரண்டு பக்கமும் எபிசோடை முன்பே தேடித் திறந்து, தொடக்கத்தில் நிறுத்தி வையுங்கள். நாட்டுக்கு நாடு தளத்தின் பட்டியல் வேறு, கடைசி நிமிடத்தில் “இங்க வரலையே” என்று நிற்கக் கூடாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக ஓடாது, வாய்ஸ் மெசேஜ் போகும். “மச்சான், ஓட விடவா?” என்று கேட்டு இருவரும் ஒன்றாக அழுத்துங்கள். முன்கதை முடிந்து டைட்டிலில் பிக்கார்டின் குரல் வரும்போது ஒரு மெசேஜ் போட்டால் யார் முந்தி, யார் பிந்தி என்று தெரியும். முந்தியவர் நிறுத்திக்கொள்ளலாம். பார்க்கும்போது பேச வேண்டாம், முடிந்ததும் பேசலாம்.

எங்கே தவறும்

பெரும்பாலும் தொடர் தோற்பதில்லை, காட்டுகிறவர்தான் கெடுக்கிறார். நிறுத்தி நிறுத்தி விளக்குவது, “இப்ப பாரு, இப்ப பாரு” என்பது, திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பது. மூன்றாவதுதான் மோசம். சிரிக்க வேண்டும், அழ வேண்டும் என்று ஒருவர் காத்திருக்கும்போது எதுவும் வராது. பக்கவாட்டில் உட்காருங்கள். வெங்காயம் உரிப்பதோ துணி மடிப்பதோ கையில் இருந்தால் இருக்கட்டும். கை வேலையோடு பார்க்கிறவர் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சீசன் 1இன் ‘கோட் ஆஃப் ஹானர்’ கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக இன்றும் திட்டு வாங்குவது. சீசன் 2 கடைசி ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ பழைய காட்சிகளை ஒட்டி ஒப்பேற்றியது. ‘ஹூ வாட்சஸ் தி வாட்சர்ஸ்’ நல்ல எபிசோடுதான், ஆனால் கடவுள் நம்பிக்கையை மூடநம்பிக்கையோடு சேர்த்துப் பேசுகிற இடங்கள் உண்டு. தர்காவுக்கோ, மாதா கோவிலுக்கோ, ராமநாதசுவாமி கோவிலுக்கோ பக்தியோடு போகிறவரிடம் முதல் மாதத்தில் அதைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? முதல் எபிசோடான ‘என்கவுன்ட்டர் அட் ஃபார்பாயின்ட்’டையும் இப்போது தள்ளி வையுங்கள். ஆனால் 7ஆம் சீசனின் கடைசிக் கதை அதோடுதான் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அந்த இறுதிக்கு முந்தைய வாரம் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

படி 7: நிறுத்துவதா, தொடர்வதா

மூன்று எபிசோடு ஆகியும் அவராக ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். முகம் தூக்காமல். இடையில் அவர் விரும்பும் தொடர் ஒன்றை நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், போன் கையில் இல்லாமல். ஆறு மாதம் கழித்து மற்றொரு வழியில் (‘மெஷர்’ காட்டியிருந்தால் ‘காஸ்’) ஒரு தடவை முயலலாம். அதற்கு மேல் வற்புறுத்தினால் தொடரின் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

எட்டும் பிடித்திருந்தால் சீசன் 3ஐ முதலிலிருந்து வரிசையாகத் தொடங்குங்கள். எழுத்து நிமிர்ந்தது அங்கேதான். 26 எபிசோடு. விசைப்படகு வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்குக் கச்சிதம்: வாரம் மூன்று வீதம் பார்த்தால் தடை முடிகிறபோது சீசனும் முடியும். பார்த்துவிட்ட ‘ஆஃப்ஸ்பிரிங்’கும் கடைசி எபிசோடும் மறுபடி வரும், அவரே “இதை இன்னொரு தடவை பாக்கலாம்” என்பார். தடை முடிந்து படகு இறங்கியதும் சீசன் 4ஐ வியாழனுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.